லெம்மென்யோகி போகிறீர்களா? கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பின்லாந்து என்றதும் நம் ஆட்கள் ரொவானியெமி நகரத்துக்குப் போகிறார்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவோடு ஒரு போட்டோ, நாய் வண்டியில் ஒரு சுற்று, அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் ஐரோப்பாவின் வடகோடிப் பழங்குடிகளான சாமி மக்களின் நிலத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ரொவானியெமியோடு நின்றுவிடக் கூடாது. பின்லாந்துச் சட்டம் சாமி தாயகப் பகுதி என்று வரையறுப்பது அதற்கும் வெகு வடக்கே, இனாரி, உத்ஸ்யோகி, எனொன்தெகியோ என்ற மூன்று நகராட்சிகளும் சொதன்குலாவின் வடபகுதியும்தான். நாய் வண்டிகூட சாமி மரபு இல்லை. அவர்களுடைய மரபுத் தொழில் கலைமான் (ரெயின்டீர்) மேய்ப்பு.

லெம்மென்யோகி தேசியப் பூங்கா இந்த இனாரிப் பக்கம் இருக்கிறது. பரப்பு சுமார் 2,850 சதுர கிலோமீட்டர், பின்லாந்தின் தேசியப் பூங்காக்களிலேயே பெரியது. உள்ளே போக டிக்கெட் இல்லை, பதிவு இல்லை, தடுத்து நிறுத்த ஒரு கேட்கூட இல்லை. நம் பணமும் பொறுமையும் கரைவதெல்லாம் அதற்கு முந்தைய காகிதங்களிலும், இனாரி கிராமத்திலிருந்து பூங்காவுக்கான கடைசி 45 கிலோமீட்டரிலும்தான். இந்த விவரங்களைத் துண்டு துண்டாகப் பொறுக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதனால்தான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

விசா, டிக்கெட், உடை எல்லாமே இதை வைத்துத்தான் அமையும்.

மே மாதம் வேண்டாம். பனி உருகிப் பாதை சேறாகக் கிடக்கும், ஓடைகளில் வெள்ளம் போகும். கலைமான்கள் கன்று ஈனும் காலமும் அதுதான். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரை நள்ளிரவிலும் வெயில் அடிக்கும், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொசுவை மட்டும் யாரும் சொல்வதில்லை. நம் ஊர்க் கொசுவைப் பார்த்தவர்கள்தானே என்று அலட்சியம் வேண்டாம், அங்கே மேகம்போல் வந்து மொய்க்கும். தலையை மூடும் வலை இல்லாமல் வாயைத் திறந்து பேச முடியாது. கலைமான்களே பூச்சித் தொல்லை தாங்காமல் காற்று வீசும் மேட்டுக்கும் தார்ச்சாலைக்கும் வந்து நிற்கும்.

என்னைக் கேட்டால் ஆகஸ்ட் பிற்பாதியும் செப்டம்பர் முதல் இரண்டு வாரமும்தான் சரியான நேரம். கொசு அடங்கியிருக்கும், படகு ஓடும். செப்டம்பரில் பிர்ச் மரங்களும் தரைச்செடிகளும் மஞ்சளும் சிவப்புமாக மாறும். அந்தப் பருவத்துக்கு ருஸ்கா என்று பெயர், உள்ளூர்க்காரர்களே அதற்காக விடுப்பு எடுப்பார்கள். அதனால் அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அக்டோபர், நவம்பர் ஈரமும் இருட்டும்தான். டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி நடுவரை சூரியன் எழாது. பிப்ரவரி, மார்ச் பனிச்சறுக்குத் தெரிந்தவர்களுக்கான மாதங்கள். முதல் முறை போகிறவர்கள் குளிர்காலத்தில் இனாரியில் தங்கி வடதுருவ ஒளியைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், பூங்காவுக்குள் தனியாகப் போகவே வேண்டாம்.

2. விசா: தங்குமிடக் கேள்வியில்தான் சிக்கல்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா தேவை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், இழுத்தால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. மே, ஜூனில் எல்லோரும் ஐரோப்பாவுக்குப் படையெடுப்பதால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு. ஆகஸ்ட் கடைசியில் போவதென்றால் ஏப்ரலிலேயே தேதி பிடித்து, மே மாதத்துக்குள் காகிதங்களைக் கொடுத்துவிடுங்கள்.

கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45 யூரோ, அதற்கும் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் எதுவும் திரும்பி வராது.

கொடுக்க வேண்டியவை: கடந்த 10 ஆண்டுக்குள் வாங்கிய, திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாகும், இரண்டு வெற்றுப் பக்கமாவது உள்ள பாஸ்போர்ட், போட்டோ, வங்கி முத்திரையோடு பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், அலுவலகத்திலிருந்து விடுப்புக் கடிதம், போக வர விமான முன்பதிவு, இன்சூரன்ஸ், கவரிங் லெட்டர். முன்பதிவு போதும், விசா கைக்கு வரும்முன் ரத்து செய்ய முடியாத டிக்கெட்டுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

இந்தப் பூங்காவுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். பூங்காவுக்குள் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தங்கும் திறந்த குடில்களுக்கு முன்பதிவே கிடையாது, கூடாரத்துக்கு ரசீது யார் கொடுப்பார்? நான் விண்ணப்பித்தபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு இதைப் புரியவைப்பதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. "ஓட்டல் புக்கிங் எங்கே சார்?" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். வழி இருக்கிறது. திறந்த குடிலை விட்டுவிட்டு, கட்டணம் கட்டி முன்பதிவு செய்யும் குடிலைப் பிடியுங்கள், அதற்கு ஆவணம் கிடைக்கும். அல்லது பூங்கா வாசல் கிராமத்தில் ஒரு மரவீட்டை எல்லா இரவுகளுக்கும் எடுத்துக்கொண்டு, பகலில் நடந்துவிட்டு மாலையில் திரும்புங்கள். கூடாரம்தான் போடுவேன் என்கிறவர்கள் கவரிங் லெட்டரில் தேதி வாரியாக எழுதுங்கள்: எந்த நாள் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு நடை, எந்த முகாமிடத்தில் கூடாரம், மறுநாள் இரவு எந்த விடுதி. பூங்கா வரைபடத்தின் நகலையும் பின்னால் இணைத்துவிடுங்கள். மொட்டையாக "டிரெக்கிங்" என்று ஒரு வார்த்தை எழுதினால் கேள்வி வரும்.

பல நாடுகள் சுற்றுகிறவர்கள் அதிக நாள் தங்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மனி, நார்வே, சுவிட்சர்லாந்து போன்ற ஷெங்கன் நாடுகளில் குடியிருப்பு அட்டை வைத்திருக்கும் தமிழர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. லண்டன்காரர்கள் ஏமாந்துவிட வேண்டாம். பிரிட்டன் குடியிருப்பு அனுமதி ஷெங்கனுக்குச் செல்லாது, இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் அங்கிருந்தும் விசா எடுத்தாக வேண்டும்.

3. இன்சூரன்ஸின் பொடி எழுத்தைப் படியுங்கள்

விசாவுக்குக் குறைந்தபட்சம் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். ஆன்லைனில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் மலிவான பாலிசி விசா வாங்கப் போதும், காட்டில் கால் பிசகினால் போதாமல் போகலாம். பல பாலிசிகள் டிரெக்கிங்கை சாகச விளையாட்டு என்று ஒதுக்கிவைக்கின்றன. விலக்குப் பட்டியலைப் பாருங்கள். நடைப்பயணமும் மீட்புச் செலவும் அடங்குமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். போனில் "அடங்கும் சார்" என்று சொல்வது கணக்கில் வராது.

4. ஹெல்சின்கியிலிருந்து இனாரி வரை

விமானம் என்றால் ஹெல்சின்கியிலிருந்து இனாரிக்குப் பக்கத்தில் உள்ள இவாலோவுக்கு ஒன்றரை மணி நேரம். இவாலோவுக்குக் குளிர்காலம்தான் சீசன், கோடையில் விமானங்கள் குறைவு. ஊரிலிருந்து இவாலோ வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை வந்திருக்கிறது, வரிசை நீளலாம். ஷெங்கனுக்குள் நுழையும் முதல் விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

இவாலோ விமான நிலையத்திலிருந்து இனாரி கிராமம் சுமார் 50 கிலோமீட்டர். விமான நேரத்தை ஒட்டிப் பேருந்து இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள், இறங்கின பிறகு அல்ல.

செலவைக் குறைக்க ஹெல்சின்கியிலிருந்து இரவு ரயிலில் ரொவானியெமி, அங்கிருந்து பேருந்தில் இனாரி. ரயில் சுமார் 12 மணி நேரம், பேருந்து 325 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். ஒரு நாளில் ஓடுவதே சில பேருந்துகள்தான். ரயில் வந்து சேரும் நேரமும் பேருந்து கிளம்பும் நேரமும் பொருந்தாவிட்டால் ரொவானியெமியில் ஒரு இரவுச் செலவு கூடும், அப்போது விமானமே மலிவாகிவிடும். கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

5. கடைசி 45 கிலோமீட்டர்

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். இனாரியிலிருந்து 955ஆம் எண் சாலையில் தென்மேற்கே போய், கிளைச்சாலையில் திரும்பினால் நியூர்குலஹ்தி என்ற சிற்றூர் வரும். படகுத்துறையும் நடைபாதையின் தொடக்கமும் அங்கேதான். மேப்பில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகக் காட்டும், உண்மைதான், வண்டி இருந்தால். பேருந்து இருக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள்.

மூன்று வழி உண்டு. தங்கப்போகும் மரவீட்டுக்காரரிடம் அழைத்துப்போக முடியுமா, எவ்வளவு என்று புக் செய்யும்போதே கேட்பது முதல் வழி. எனக்குப் பிடித்ததும் அதுதான், வண்டியில் வரும்போதே பாதி விவரம் தெரிந்துவிடும். இரண்டாவது டாக்சி, ஒரு நடைக்கே 100 யூரோவைத் தாண்டலாம், அதனால் இனாரி விடுதியில் அதே பக்கம் போகிறவர்களை விசாரித்துப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் நாளுக்கும் அப்போதே பேசி வைத்துவிட வேண்டும், நியூர்குலஹ்தியில் நின்று கைகாட்டினால் டாக்சி வராது.

மூன்றாவது வாடகைக் கார். இரண்டு மூன்று பேர் என்றால் இதுதான் லாபம். இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டை ஊரிலேயே ஆர்டிஓவில் வாங்கிக்கொள்ளுங்கள், அசல் லைசென்ஸும் கூட இருக்க வேண்டும். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள், டெபிட் கார்டு பெரும்பாலும் செல்லாது. வண்டி வலப்பக்கம் ஓடும், பகலிலும் விளக்கு எரிய வேண்டும். கலைமான் ஒன்று சாலையைக் கடந்தால் பின்னாலேயே இன்னும் வரும் என்று வேகத்தைக் குறையுங்கள். ஹாரன் அடித்தால் நகராது, நின்று உங்களையே பார்க்கும். இடித்துவிட்டால் அவசர உதவி எண் 112க்குச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மானுக்கும் காதில் வெட்டுக்குறி இருக்கும், ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. சொல்லாமல் போவது ஒரு குடும்பத்தின் சொத்தை அடித்துப் போட்டுவிட்டு ஓடுவதுதான்.

6. சாப்பாட்டு மூட்டை: சுங்கத்தில் எது போகும், எது போகாது

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பாலோ இறைச்சியோ கலந்த எதையும் தனிப்பட்ட பையில் கொண்டுவரக் கூடாது. நெய், பால்கோவா, பால் பவுடர், உப்புக்கண்டம் எல்லாம் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக் கொத்தும் வேண்டாம், தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் அதற்கு அனுமதி இல்லை. பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், அவல், வெந்நீர் ஊற்றினால் ஆகிவிடும் உப்புமா மிக்ஸ் ஆகியவற்றால் பிரச்சினை இல்லை. பாக்கெட்டில் பால் பொருள் கலந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றதை இவாலோவிலோ இனாரியிலோ உள்ள சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிவிடுங்கள். நியூர்குலஹ்தியில் மளிகைக் கடை கிடையாது. கேஸ் சிலிண்டரை விமானத்தில் ஏற்றவே கூடாது, அடுப்பை மட்டும் கொண்டுபோய் சிலிண்டரை அங்கே வாங்க வேண்டும். கொசு மருந்தும் தலையை மூடும் வலையும் அங்கே வாங்குவதே மேல்.

உடையில் ஒரே ஒரு விஷயம்: ரப்பர் பூட்ஸ். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய டிரெக்கிங் ஷூ அந்தச் சதுப்பில் ஒரு மணி நேரத்தில் ஊறிவிடும். உள்ளூர்க்காரர்கள் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸில்தான் நடக்கிறார்கள். சதுப்பின் மேல் இரண்டு பலகைகளை நீளவாக்கில் போட்டுப் பாதை அமைத்திருப்பார்கள். மழை பெய்தால் அந்தப் பலகைகள் பாசி படிந்த குளத்துப் படிக்கட்டு மாதிரி வழுக்கும், கைத்தடி கட்டாயம். ஆகஸ்டிலும் இரவில் குளிர் பூஜ்யத்தை நெருங்கலாம், கம்பளி உள்ளாடை இருக்கட்டும்.

7. இனாரியில் ஒரு நாள் நில்லுங்கள்

வந்த களைப்போடு நேராகப் பூங்காவுக்கு ஓடாதீர்கள். இனாரியில் இருக்கும் சீடா, சாமி மக்களின் அருங்காட்சியகம். 2024இல் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியக விருது வாங்கியது. அதே கட்டடத்தில்தான் பூங்காவை நிர்வகிக்கும் மெட்சாஹல்லிடுஸ் அமைப்பின் தகவல் மேசையும் இருக்கிறது. வரைபடம், முன்பதிவுக் குடிலின் சாவி விவரம், எந்தப் பாலம் பழுது, படகு எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் அங்கே கேட்டுக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

பக்கத்திலேயே சாயொஸ் கட்டடம், பின்லாந்தின் சாமி நாடாளுமன்றம் கூடும் இடம். அங்குள்ள கைவினைக் கடையில் வாங்கினால் போலி மாட்டாது. மற்ற இடங்களில் 'சாமி துவோஜி' என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், சாமிக் கைவினைஞர்கள் செய்தது என்பதற்கான அடையாளம் அது. விலை கூடுதல்தான். சாமி உடையைப் போலச் செய்து மலிவாக விற்கும் தொப்பிகளை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு ரீல்ஸ் எடுக்க வேண்டாம். அந்த உடையின் நிறமும் கரையும் ஒருவர் எந்தக் குடும்பம், எந்த ஊர் என்று சொல்லும், பொம்மையாக்கினால் அவர்களுக்கு வலிக்கும்.

8. பூங்காவுக்குள்

முதல் முறை போகிறவர்களுக்கு என் யோசனை: நியூர்குலஹ்தியிலிருந்து படகில் ஆற்றோடு ஏறிப்போய், ரவதாஸ் அருவியைப் பார்த்துவிட்டு, ஆற்றங்கரைப் பாதையில் நடந்து திரும்புங்கள். படகில் போய் நடந்து வந்தால் கடைசிப் படகைப் பிடிக்கும் பதற்றம் இருக்காது. ஒரே நாளில் முடிப்பது சிரமம் என்று தோன்றினால் வழியில் ஒரு இரவு தங்கிவிடலாம். படகு நேரம் சீசனுக்கு சீசன் மாறும், முந்தின நாளே போன் செய்து இடம் சொல்லி வையுங்கள்.

தங்குவதற்கு இரண்டு வகைக் குடில். திறந்த குடில் இலவசம், பூட்டு இல்லை, ஒன்றிரண்டு இரவுக்கு மேல் தங்கக் கூடாது. அங்கே எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: கடைசியில் வருபவருக்குத்தான் முதல் உரிமை. இடம் நிறைந்துவிட்டால் முன்னால் வந்து ஓய்வெடுத்தவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு நகர வேண்டும். "நாங்க முதல்ல வந்தோம்" என்ற நம்ம ஊர் ரயில்பெட்டி நியாயம் செல்லாது. அதனால் கூடாரம் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். இன்னொரு வகை, முன்பதிவுக் குடில். காசு கட்டினால் உங்கள் படுக்கை உங்களுக்கு.

குடிலில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். பெயர், எங்கிருந்து வந்தீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள் என்று தேதியோடு எழுதுங்கள். யாராவது காணாமல் போனால் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான். கிளம்பும்போது தரையைப் பெருக்கி, அடுத்தவருக்காகக் கொஞ்சம் விறகு பிளந்து அடுப்போரம் அடுக்கிவிட்டுப் போவது வழக்கம். கோடரியும் ரம்பமும் கொட்டகையில் இருக்கும். குப்பைத் தொட்டி எங்கும் கிடையாது, கொண்டுபோனதை எல்லாம் திரும்பச் சுமக்க வேண்டும்.

காட்டுத்தீ எச்சரிக்கை அமலில் இருந்தால் திறந்த வெளியில் நெருப்பு மூட்டக் கூடாது, கேஸ் அடுப்பு அப்போது கைகொடுக்கும். கூடாரம் எங்கே போடலாம் என்பது பகுதிக்குப் பகுதி மாறும், வரைபடத்தில் குறித்திருக்கும்.

செல்போன் சிக்னல் பள்ளத்தாக்கில் போய்விடும். '112 சுவோமி' ஆப்பைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள், அதன்வழி அழைத்தால் நீங்கள் நிற்கும் இடம் தானாகவே அவர்களுக்குத் தெரியும். சிக்னலே இல்லாவிட்டால் அதுவும் உதவாது. காகித வரைபடத்தைப் படிக்கப் பழகிக்கொண்டு போங்கள்.

9. அது சிலருக்கு வேலை பார்க்கும் இடம்

பூங்கா என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர அங்கே கலைமான் மேய்ப்பு இன்றும் நடக்கிறது. வேலிக்கதவு வந்தால் திறந்து, கடந்து, மறுபடி மூடுங்கள். மான்கூட்டத்தைத் துரத்திப் படம் எடுக்காதீர்கள். இலையுதிர்காலத்தில் கூட்டத்தை அடைக்கும் வேலை நடந்தால் அது வேடிக்கைக் காட்சி இல்லை, அழைத்தால் மட்டும் பக்கத்தில் போங்கள். மேய்ப்பின் பழைய முறையைப் பார்க்க விரும்பினால் ரெபோயோகி வண்டி நிறுத்தத்திலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் நடந்தால் சல்லிவாரா வரும். கலைமான்களை அடைத்த பழைய பட்டியும் குடில்களும் அங்கே பழுதுபார்த்துக் காக்கப்படுகின்றன.

பேச்சு வாக்கில்கூட "உங்களிடம் எத்தனை மான்?" என்று கேட்டுவிடாதீர்கள், பேங்க் பாலன்ஸைக் கேட்பதும் அதுவும் அங்கே ஒன்று. சாமி மக்களைக் குறிக்கும் 'லாப்' என்ற பழைய பெயரைத் தவிருங்கள். ஆளைப் படம் எடுக்கும்முன் கேளுங்கள். வீட்டு முற்றத்துக்கும் இது பொருந்தும்.

பெர்ரிப் பழமும் காளானும் பறித்துத் தின்னலாம். கல், செடி, உதிர்ந்து கிடக்கும் கொம்பு எதையும் எடுக்கக் கூடாது. ஆற்றில் தங்கம் உண்டு, இயந்திரத்தால் தோண்டுவது 2020இல் நின்றுபோனாலும் கையால் அரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய உரிம இடத்துக்குள் கால் வைக்காதீர்கள், தட்டை எடுத்துக்கொண்டு நீங்களே அரிக்கவும் இறங்காதீர்கள்.

10. செலவுக் கணக்கு எங்கே வீங்கும்

நுழைவு, திறந்த குடில், விறகு எல்லாம் இலவசம். அதனால் பூங்காவுக்குள் நாள் கூடக் கூட செலவு குறையும், இனாரியில் நாள் கூடினால் ஏறும். பட்ஜெட்டை விழுங்குவது உள்நாட்டு விமானம், டாக்சி அல்லது கார், ருஸ்கா வார அறை வாடகை, இவை மூன்றும்தான். மூன்றையும் விசா கிடைத்த அன்றே பிடித்துவிட்டால் கணிசமாக மிச்சமாகும். ரத்து செய்யக்கூடிய அறைகளை விண்ணப்பத்தின்போதே பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

திரும்பும் நாளில் நேராகக் காட்டிலிருந்து விமான நிலையம் என்று திட்டம் போடாதீர்கள். மழையோ காற்றோ வந்தால் படகு ஓடாமல் போகலாம். நடுவில் ஒரு இரவு இனாரியில் வைத்துக்கொள்ளுங்கள். கைவினைக் கடையில் கத்தி வாங்கியிருந்தால் அதைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். மிஞ்சிய கேஸ் சிலிண்டரை எந்தப் பெட்டியிலும் போட முடியாது, விடுதிக்காரரிடம் கொடுத்தால் அடுத்து வருகிறவருக்கு ஆகும்.